இடது கையுறை

ஆர்க்கட் கடையில்
பிணைமான் மூத்திரம் குப்பி பதினெட்டு டாலர்.
விஸ்கி இதைவிட மலிவு.
"பருவத்துக்கு வந்த மானுடையது, கலப்படமே இல்லை"
என்றார் ட்வெய்ன் ஆர்க்கட்,
தேன் விற்கிறவர் முகத்தோடு.
யார் பிடித்தார்கள், எதில் பிடித்தார்கள்
என்று கேட்க வாய் வந்தது.
கேட்கவில்லை.

கூடவே சோம்பு எண்ணெய்,
அரை வாளி வெல்லப்பாகு,
செங்கல் நிறத்தில் ஐம்பது பவுண்டு உப்புக்கட்டி.
மாற்றிய இடுப்பு முனகியது.
வண்டிக்குள் ஆர்டித்
கண்ணாடியை முழுக்க இறக்கினாள்.
"இருபத்தாறு வருஷத்தில்
எனக்கு இந்த விலைக்கு ஒரு சென்ட்
வாங்கித் தந்திருக்கிறாயா?"

ஓடைக்கு மேலே, லார்ச் மரங்கள் மஞ்சளாகும் சரிவில்
பழைய அடிமரம் ஒன்று.
அதன் மேல் கட்டியை வைத்தேன்.
பாகை ஊற்றினேன்.
குப்பியைத் திறந்தேன்;
கண்ணில் நீர் வந்தது.
எதிர் மரத்தில், இடுப்பு உயரத்தில் கேமரா.
பட்டையின் கொக்கி சின்னது,
அதற்காகக் கழற்றி வைத்ததுதான்
இடது கையுறை.

இறங்கும் வழியில் வனக்காவல் ப்ராண்ட்வோல்ட் நின்றாள்.
"சுடுவதற்கா?"
"பார்ப்பதற்கு."
அவள் நம்பவில்லை.
நானே பாதிதான் நம்பினேன்.
"ஊர் மான் எல்லாம் ஒரே கட்டியை நக்கினால்
ஒன்றின் நோய் ஊருக்கே.
யோசித்துக்கொள்" என்றாள்.
அபராதம் போட்டிருக்கலாம்.
அந்தச் சொல் வண்டியில் கூடவே வந்தது.

பத்து நாள் கழித்து அட்டையை எடுத்தேன்.
ஆயிரத்து நானூற்றுப் பன்னிரண்டு படம்.
தொள்ளாயிரத்தில் புல் ஆடுகிறது.
ஆறில் என் பிடரி.
(இவ்வளவு வழுக்கையா?
வீட்டில் ஒருவரும் சொல்லவில்லை.)
அணில். அதே அணில்.
கீழ்ப்பண்ணை லுண்ட்குவிஸ்டின் பசு,
வேலி தாண்டி வந்து
வெல்லப்பாகை ஒரு சொட்டு விடாமல்.
ஒரு கரடியின் ஒற்றை மூக்குத்துளை,
திரை முழுக்க, ஈரமாக.

பிறகு, அதிகாலை நாலு பன்னிரண்டு.
சாம்பல் ஒளியில் ஒரு பிணை எல்க்.
குப்பி ஊற்றிய இடத்தைத் தாண்டிப் போனது.
சோம்பைத் தாண்டியது.
கட்டியை ஒருமுறை முகர்ந்து,
பக்கத்து வீட்டு விருந்தை மறுப்பதுபோல்
தலையைத் திருப்பிக்கொண்டது.
அடுத்த படத்தில் அதன் வாயில்
என் கையுறை.

பதினேழு படம்.
ஒவ்வொரு விரலாகச் சப்பியிருக்கிறது.
கட்டைவிரலை மட்டும் மூன்று படம்.
கண் பாதி மூடியிருக்கிறது.
பதினெட்டாவதில் எல்க் இல்லை, கையுறையும் இல்லை.
புல் ஆடுகிறது.

அந்தத் தோலில் என்ன இருந்தது?
நாலு பனிக்காலம் விறகு பிளந்தது,
டயருக்குச் சங்கிலி மாட்டியது,
லுண்ட்குவிஸ்ட் தொழுவத்தில் ஒரு ராத்திரி
தலைகீழாய் வந்த கன்றைக் கயிறு கட்டி இழுத்தது.
எல்லாம் காய்ந்து
உள்ளங்கையில் வெள்ளை வெள்ளையாய் வரைபடம்.
துவைக்கச் சொல்லி ஆர்டித் ஓய்ந்துவிட்டாள்.

உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்பார்கள்.
நான் இட்ட ஐம்பது பவுண்டு
அதன் நினைப்பில் இல்லை.
இட்டதே தெரியாமல் இட்டதை
விரல் விரலாய்த் தின்றுவிட்டுப் போயிருக்கிறது.

கட்டியைத் திரும்பத் தூக்கி வந்துவிட்டேன்.
அடிமரத்தில் இறங்கிய உப்பை
என்ன செய்வதென்று தெரியவில்லை.
மழை பார்த்துக்கொள்ளும்,
அல்லது பார்க்காது.

ராத்திரி ஆர்டித்திடம் படங்களைக் காட்டினேன்.
பதினேழையும் பார்த்தாள், பேசவில்லை.
எழுந்து போய்
ஆணியில் தொங்கிய வலது கையுறையை எடுத்து
முகர்ந்தாள்.
முகம் சுளித்தாள்.
மறுபடி முகர்ந்தாள்.